வியட்நாம் பற்றி நீ கேட்டது

புதுச்சேரி

அன்புள்ள வேலு,

பேத்தி கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி பரவாயில்லை. ஹனோயில் மகன் வீட்டில் தங்கிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினோம்.

பிரான்சையும் அமெரிக்காவையும் தோற்கடித்த நாடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கல்லூரி வாசலில் நாம் கோஷம் போட்ட நாள் முதல் எனக்கும் வியட்நாம் என்றால் அந்த இரண்டு போர்கள்தான். அங்கே கதை அதற்கு மிகவும் முன்னால் தொடங்குகிறது. வரலாற்று அருங்காட்சியகத்தில் பாக் டாங் ஆற்றிலிருந்து எடுத்த மரக்கழிகள் இருக்கின்றன. கூர் சீவிய கழிகளை ஆற்றுக்குள் நட்டுவிட்டு, கடல் ஏற்றத்தில் எதிரிக் கப்பல்களை உள்ளே வரவிட்டார்கள். நீர் வற்றியதும் கப்பல்கள் கழிகளில் சிக்கிக்கொண்டன. 938இல் சீனப் படையையும் 1288இல் மங்கோலியப் படையையும் இப்படித்தான் முறியடித்தார்கள். கி.பி. 40இல் சீன ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய ட்ருங் சகோதரிகள் அங்கே தெய்வங்கள். அவர்களை அடக்கிய தளபதி மா யுவானுக்கோ எல்லை தாண்டி சீனாவின் குவாங்சியில் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள்!

வியட்நாமின் வடமேற்கில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்த தியன் பியன் பூவில்தான் பிரான்ஸ் தோற்றது என்று நீ எழுதியது சரிதான். 1954 மே 7இல் அந்தக் கோட்டை விழுந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வீரர்கள் 56 நாள் தாக்குப்பிடித்த சோகக் கதையாகவே இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பிடிபட்டவர்களில் அல்ஜீரியர்களும் மொராக்கோக்காரர்களும் இருந்தார்களே! பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கிய அவர்கள், பிரான்சையும் தோற்கடிக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். அதே வருஷம் நவம்பர் 1இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்ததும் அதே நாள்தான். சைகோனில் பிரெஞ்சு அரசு வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்த எங்கள் தெருத் தாத்தாக்களுக்கு மட்டும் அந்த வருஷம் வேறு மாதிரி. அவர்கள் சைகோனைப் பற்றிப் பேசும்போது, விட்டுவந்த சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

அப்புறம், வேலு, நாம் அந்தக் காலத்தில் பேசாமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. 1979 ஜனவரி 7இல் வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்தது. அங்கே ஆட்சியில் இருந்து சொந்த மக்களையே கொன்றுகுவித்த போல் பாட்டின் கொலைவெறியை நிறுத்தியது அந்தப் படைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது 1989 வரை அங்கேயே இருந்தது. கம்போடியாவில் அந்த ஜனவரி 7ஐ உயிர் பிழைத்த நாள் என்று அரசே கொண்டாடுகிறது. அதே நாளை ஆக்கிரமிப்பின் தொடக்கமாக நினைக்கும் கம்போடியர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. அடுத்த மாதமே சீனா வியட்நாமைத் தாக்கியது. அப்போது சீனாவில் இருந்த நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பியது உனக்கு நினைவிருக்கும்.

மீ சன்னுக்கும் போனோம். இன்றைய மத்திய வியட்நாமில் முன்பு இருந்த சம்பா நாட்டின் அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டு வீச்சில் பல இடிந்துபோயின. காவலர் அதைத்தான் முதலில் காட்டினார். அந்தச் சம்பாவின் தலைநகரை 1471இல் பிடித்து அழித்தது வியட்நாமிய அரசர் லே தான் டோங் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். சம்பாவின் வழிவந்த சாம் மக்கள் இன்றும் அந்த மண்ணில்தான் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்டால் அந்நியர் படையெடுப்பின் கதையை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியட்நாம் மீது எனக்கிருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை. கம்போடியா விஷயத்தில் நீ என்னோடு சண்டைக்கு வருவாய் என்று தெரியும். வா, பொங்கலுக்கு இரண்டு நாள் இங்கே தங்குகிற மாதிரி வா, பேசலாம்.

அன்புடன்,
குமரன்