வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாடகை வீடு தேடுவோரிடம் "நாய், பூனை உண்டா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் பலர், உண்டு என்றால் பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும், குடியிருப்போர் நலச் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. அத்தகைய விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் தீர்ப்பளித்தது. ஆகவே, வீட்டு உரிமையாளர் சம்மதித்த பிறகு வாடகைதாரரைச் சங்கத்தார் நெருக்குவது முறையல்ல. ஆனால், உரிமையாளரே மறுத்துவிட்டால் இவை எதுவும் கைகொடுப்பதில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியதே தவிர, வளர்ப்புப் பிராணிகளின் விஷயத்தை இரு தரப்பாரின் பேரத்துக்கே விட்டுவிட்டது.

கதவில் நகக்கீறல், சுவரில் கறை, அக்கம்பக்கத்தாரின் புகார் என உரிமையாளர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எனினும், சேதத்தை ஈடுகட்டத்தானே அட்வான்ஸ் வாங்கப்படுகிறது? குழந்தைகள் சுவரில் கிறுக்கினால் வெள்ளையடிக்கும் செலவை அதில் கழித்துக்கொள்வது போல இதையும் கழித்துக்கொள்ளலாம். வீடு கிடைக்காத நிலையில், வளர்த்த நாயைத் தெருவில் விட்டுச் செல்வோரும் இருக்கிறார்கள் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இவ்வளவு சிறிய தொகை எவரையும் தடுக்காது.

இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் வாடகைதாரருக்குத் தக்க காரணமின்றி மறுப்புச் சொல்லக்கூடாது என்கிறது. நம் மாநில அரசும் வாடகைச் சட்டத்தில் இத்தகைய ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வளர்ப்பவர் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். தகராறு எழுந்தால், அச்சட்டத்தின் கீழ் ஏற்கெனவே இயங்கும் வாடகை அதிகாரியே அதை விசாரிக்கலாம்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர்,
சென்னை