தம்பியின் காய்கறிக் கணக்கு

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீ அனுப்பிய ஒரு வாரச் சாப்பாட்டுப் பட்டியல் கிடைத்தது. "தினமும் காய் சாப்பிடுகிறேன், போதுமா?" என்று அடியில் வேறு எழுதியிருக்கிறாய். ரங்கூனிலும் பினாங்கிலும் பேரேடு எழுதிய குடும்பத்துப் பிள்ளை காட்டுகிற கணக்கா இது?

நாலு நாள் உருளைக்கிழங்கு வறுவல். வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் உருளை, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகள் சேராது. ஆக, அந்த நாலு நாளும் தள்ளுபடி. சாம்பாரில் கிடந்த இரண்டு முருங்கைத் துண்டையும் காய் என்று எழுதியிருக்கிறாய். சக்கையைத் துப்பிய பிறகு என்ன மிஞ்சியது? பாட்டில் பழச்சாறு வேறு எழுதியிருக்கிறாய்; அதில் நார் போய்ச் சர்க்கரைதான் நிற்கும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கறாரானது: காய்கறியே 400 கிராம், அதற்குமேல் பழம் 100 கிராம். உன் பட்டியலில் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 100 கிராம் தேறினால் அதிசயம்.

செட்டிநாடு என்றால் கோழியும் மிளகும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது ஹோட்டல் போர்டுகளைப் பார்த்து. நீயுமா? நம் வீட்டு இலையின் மேல்பாதியில் கூட்டு, பிரட்டல், துவட்டல், பச்சடி, மண்டி என்று காய்தானே நிறைந்திருக்கும்! மழை பொய்க்கும் சீமை என்பதால், மலிந்த காலத்தில் கத்தரியும் கொத்தவரையும் சுண்டையும் வற்றலாகி ஜாடிக்குப் போயின.

உனக்குக் காய் பிடிக்காது என்று நான் நம்பவில்லை. நறுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தனியாக இருக்கிறவர்கள் பலரும் அரிவாள்மனைக்குப் பயந்துதான் காயை விடுகிறார்கள். அதனால், நறுக்கும் வேலை குறைந்த மண்டி வை; அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற நம் வீட்டுப் புளிக்குழம்புதான். கால் கிலோ வெண்டைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, வழவழப்புப் போக வதக்கி எடுத்து வை. கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகவே போட்டு வதக்கு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடு. பச்சை வாசனை போனதும் வெண்டைக்காயைச் சேர்த்தால் கெட்டிப்படும். இரண்டு வேளைக்கு வரும். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அதில் புளியைக் கரைத்துவிடாதே.

பழத்துக்கு அந்த வேலைகூட இல்லை. கொய்யாவைக் கழுவித் தோலோடு கடி. வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிளுக்குக் கொடுக்கிற காசு எனக்கு வயிற்றெரிச்சல். உன் அப்பச்சி கதை வேறு. சர்க்கரை வியாதி என்று கொய்யாவைத் தொடமாட்டார், சீனி போட்ட காப்பியை மட்டும் விடமாட்டார். அளவாகப் பழம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. நீ போனில் சொல்லிப் பார்.

அடுத்த வாரம் பெரியப்பா மகன் பெங்களூரு வருகிறான். சுண்டைக்காய் வற்றலும் மாவற்றலும் கொடுத்துவிடுகிறேன். உப்பு அதிகம், கொஞ்சமாகப் போடு. அதை 400-இல் சேர்த்து எழுதிவிடாதே. அடுத்த பட்டியலில் உருளைக்கிழங்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிடு.

அன்புடன்,
ஆத்தா