‘நேரடியாக எழுதுங்கள்’ என்று சொல்பவர்களுக்கு

சிறிய முதலீட்டு வங்கிகளை நடத்தும் பங்குதாரர்களுக்கும் மேனேஜிங் டைரக்டர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் மாணவர்களுக்கான ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் பேசினார். “எங்களைப் போன்ற பூட்டிக் வங்கிகளில் விண்ணப்பப் படிவம் எல்லாம் கிடையாது. நேரடியாக எனக்கு எழுதுங்கள். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் இல்லை” என்றார். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை எழுதியவன் நான். ஒரு வரி பதில்கூட வரவில்லை. எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கலாம், கூட்டத்தில் ஒருவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் இணையதளத்தில் நான்கு வரி எழுதி வையுங்கள். இந்த ஆண்டு புதிய அனலிஸ்டையோ (தொடக்கநிலைப் பணியாளர்) இன்டர்னையோ எடுக்கிறீர்களா, எந்த மாதத்தில் எடுப்பீர்கள், யாருக்கு எழுத வேண்டும், எத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

உங்கள் பக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அலுவலகத்தில் ஆள் எடுப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. வருமானத்தின் பெரும்பகுதி டீல், அதாவது ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்குவது போன்ற பேரம், முடிந்தால்தான் கைக்கு வரும், எந்த டீல் எப்போது முடியும் என்று உங்களுக்கே தெரியாது. அப்படியிருக்க, அடுத்த ஆண்டு எத்தனை பேர் தேவை என்று இன்றே சொல்ல முடியாதுதான். வேறொரு வங்கியின் பெயரை மாற்ற மறந்து, ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அந்த எரிச்சல் நியாயமானது.

ஆனால் பெரிய வங்கிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விண்ணப்பம் என்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும் என்பது தெரியும். 2016-ல் கோல்ட்மன் சாக்ஸ், கல்லூரிக்கே போய் நடத்திவந்த முதல் சுற்று நேர்காணலை விட்டுவிட்டு, பதிவு செய்து அனுப்பும் வீடியோ நேர்காணலுக்கு மாறியது. தாங்கள் வழக்கமாகப் போகாத கல்லூரிகளிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2024-ல் அந்த வங்கியின் இன்டர்ன்ஷிப்புக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். நூற்றில் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. கடுமையான போட்டிதான். இருந்தாலும் விண்ணப்பித்தவருக்குத் தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதாவது தெரிகிறது. உங்களிடம் அதுவும் தெரிவதில்லை.

ஒரு அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய வங்கியின் மேனேஜிங் டைரக்டர் என் மெயிலுக்குப் பதில் போட்டார். 15 நிமிடம் போனில் பேசலாம் என்றார். நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அவர் சொன்ன நாளுக்கு அரைநாள் விடுப்பு எடுத்தேன். அவர்கள் தளத்தில் முடித்த டீல்களின் டூம்ஸ்டோன்கள், அதாவது யார் யாரை வாங்கினார்கள் என்பது போன்ற விவரம் உள்ள சிறு அறிவிப்புக் கட்டங்கள், வரிசையாக இருந்தன. அதில் இரண்டை எடுத்துக்கொண்டேன். வாங்கிய நிறுவனங்களின் பொது அறிக்கைகளைத் தேடிப் படித்து, எபிட்டாவில் (வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம்) எத்தனை மடங்குக்கு விலை போயிருக்கும் என்று நானே கணக்குப் போட்டு வைத்தேன். எங்கே தவறியிருக்கிறேன் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை. அழைப்பு வரவில்லை. மறுநாள் அவருடைய உதவியாளர் வேறு தேதி கொடுத்தார். அதுவும் தள்ளிப்போனது. மூன்றாவதும் அப்படித்தான். டீல் வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான்காவது தடவை மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்க வாய் வரவில்லை. அலுவலக மாடிப்படியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். 50 நிமிடம் தாமதமாக அழைப்பு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “நீங்க யார் மூலமா எழுதினீங்க?”

“யார் மூலமாவும் இல்ல சார். உங்க தளத்துல பேரைப் பார்த்து எழுதினேன்.”

“அப்பா எங்க வேலை பார்க்கிறார்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, ரெஸ்யூமே அனுப்பி வைங்க, பார்க்கலாம்” என்று வைத்துவிட்டார். ரெஸ்யூமே முதல் மெயிலிலேயே இணைத்திருந்தேன். மொத்தம் 3 நிமிடம் 40 விநாடி. அந்த நோட்டைப் பிரிக்கவே இல்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு உறைத்தது அந்த இரண்டு கேள்விகள்தான். வேலை பெரும்பாலும் நெருங்கியவர்களைவிட லேசாகத் தெரிந்தவர்கள் மூலம்தான் கிடைக்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களிலேயே எழுதினார். நெட்வொர்க்கிங் பற்றிய வகுப்புகளில் எங்களுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். லேசாகத் தெரிந்தவர்கூட இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்கு இருப்பது அறிமுகமில்லாமல் எழுதும் அந்த மெயில் ஒன்றுதான். அதை எழுதச் சொல்லிவிட்டு, எழுதியவனிடம் யார் மூலமாக வந்தாய் என்று கேட்டால், எழுதச் சொன்னதற்கு என்ன பொருள்?

யாருக்கு வேலை போகிறது என்பது எழுதப்படாத ரகசியமாக இருந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் துறையே பார்த்திருக்கிறது. சீனாவில் அரசு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் வேலை கொடுத்துத் தொழில் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டில், 2016-ல் ஜேபி மார்கன் அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு 26 கோடி டாலருக்கும் மேல் கட்டியது. அதே மாதிரியான வழக்கில் 2018-ல் க்ரெடி சுவிஸ் கட்டியது ஏறக்குறைய 7.7 கோடி டாலர். வாடிக்கையாளரின் மகனை நீங்கள் சேர்த்துக்கொள்வதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார வேறு யாருக்குத் தகுதி இருந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போகிறது. அப்புறம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். வீட்டில் யாராவது தாங்கினால் ஒழிய அதைச் செய்ய முடியுமா? அதைச் செய்தவரைத்தான் மறு ஆண்டு ‘அனுபவம் உள்ளவர்’ என்று எடுக்கிறீர்கள்.

கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

எல்லோரிடமும் போனில் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அந்த நான்கு வரிகளைத்தான் கேட்கிறேன். ‘இந்த ஆண்டு யாரையும் எடுக்கவில்லை’ என்றே இருந்தாலும் பரவாயில்லை. அதைப் படித்தவர் உங்களுக்கு எழுத மாட்டார், உங்கள் மெயில்பெட்டியில் குவிவதும் குறையும். இன்னொன்று, ஒருவருக்கு நேரம் கொடுத்துவிட்டால் தயவுசெய்து அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி போதும்.

போன வாரம் பேசிய அந்தப் பெரியவருக்கு மூன்றாவது மெயிலை நேற்று இரவு அனுப்பியிருக்கிறேன். இடம் இல்லையென்றால் ‘இல்லை’ என்று ஒரு சொல் எழுதும்படி அதில் கேட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
வேலை தேடும் ஒரு பட்டதாரி