அறைகளை எண்ணுமுன் கால அட்டவணையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. மகிழ்ச்சிதான். போன வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். மேடையோடு பெரிய மண்டபம், அறிவியல் கூடம், கணினி அறை எல்லாம் இருந்தன. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாக நடத்தும் குறைநீக்கல் வகுப்புக்கு அறை எங்கே என்று கேட்டேன். "அதை எங்கேயாவது பார்த்துக்கலாம் ஐயா" என்றார்கள். இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, நான்கு பிள்ளைகள், பக்கத்தில் வாளியும் துடைப்பமும். யாராவது தடதடவென்று இறங்கினால், ஓசை அடங்கும்வரை ஆசிரியை வாயை மூடிக்கொள்கிறார்.

எத்தனை அறை வேண்டும் என்பதைக் கால அட்டவணையே சொல்லிவிடும். ஒரு பாடவேளை 30 நிமிடம். காலை ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்தால், ஓய்வு நேரம் போக நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 50 பாடவேளை. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆறு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு மணி நேரம் அறிவியல் என்றால் 24 பாடவேளைதான் ஆகிறது. பாதி நேரம் அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கும். கலைக்கல்வியையும் அங்கேயே நடத்தினால் ஓர் அறை மிச்சம். கழிப்பறைக் கணக்கு இதற்கு நேர்மாறு. அங்கே நாள் கணக்கு உதவாது, பள்ளி முழுக்க ஒரே மூச்சில் ஓடிவரும் அந்த இருபது நிமிட ஓய்வை வைத்துத்தான் எண்ண வேண்டும். சிற்றுண்டிச்சாலைக்கும் அதுவே.

அப்புறம் பிள்ளைகளின் எண்ணிக்கை. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அன்றைக்குத் தொழிலாளர் குடியிருந்த லயத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் கணக்கு முடிந்தது. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வெளியே உள்ள வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். ஆக, வேன்காரர்களைக் கேளுங்கள், முதலாம் ஆண்டுப் பதிவுப் பட்டியலையும் பாலர் வகுப்புப் பட்டியலையும் பாருங்கள். மொத்தத்தை ஆறால் வகுத்து வகுப்புக்கு 23 பேர் என்று எழுதிவிட்டால், 31 பேர் இருக்கும் முதலாம் ஆண்டு நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும்.

மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு எனக்கும் நாற்காலி வேண்டும். ஆனால், வரைபடத்தில் கையெழுத்து விழுமுன் அந்தப் படிக்கட்டு மேசையில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள் என்று கட்டடக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா