நட்சத்திர வீரரையும் கைமாற்றுவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அணியின் முதன்மை வீரரை எந்த நிர்வாகமும் விட்டுக்கொடுக்காது என்று கூடைப்பந்து ரசிகர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். 2025 பிப்ரவரிக்குப் பிறகும் அப்படி நம்ப முடியுமா? அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, 25 வயதே ஆன லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. முந்தைய சீசனில்தான் அவர் அணியை இறுதிச்சுற்று வரை கொண்டுபோயிருந்தார். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் 31 வயது ஆன்டனி டேவிஸ். அருமையான வீரர்தான், ஆனால் அடிக்கடி காயப்படுபவர். டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்.

தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வெல்லும் என்றார் டல்லாஸின் அப்போதைய பொது மேலாளர் நிகோ ஹாரிசன். சரி, அது ஒரு கணக்கு. ஆனால் மற்ற அணிகளிடம் விசாரிக்காமல் ஒரே அணியோடு ரகசியமாகப் பேசி முடித்ததை எப்படி ஏற்பது? ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டி வைத்துத் துக்கம் காத்தார்கள். ஏப்ரலில் லேக்கர்ஸ் வீரராக டல்லாஸ் வந்த டான்சிச் 45 புள்ளிகள் எடுத்தார். நவம்பரில் ஹாரிசனின் பதவி பறிபோனது.

வீரர் தானாக மாற்றம் கேட்டால் நன்றி கெட்டவர் என்கிறார்கள். அணி கைமாற்றினால் மட்டும் அது வியாபாரமாம்! எனக்கு இதில்தான் கோபம். மாற்றத்தை மறுக்கும் உரிமை விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களுக்கே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரே அணிக்குப் பல ஆண்டுகள் ஆடியவரை மாற்றுமுன் அவரிடம் கேட்டாக வேண்டும் என என்பிஏ விதி கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்