தொட்டால் அழைப்பு போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், டெல்டா மாவட்டங்களின் அரசுத் துறை, கூட்டுறவுச் சங்க, மருத்துவமனை இணையதளங்களில் உள்ள தொலைபேசி எண்களை, தொட்டதும் அழைப்பு போகும்படி திருத்தித் தர வேண்டுகிறேன்.

பல தளங்களில் எண்கள் ஸ்கேன் செய்த சுற்றறிக்கையின் படமாகவே கிடக்கின்றன. பயிர்க் காப்பீடு பற்றிக் கேட்க வரும் விவசாயிகள், படத்தில் உள்ள எண்ணைச் சிட்டா நகலின் பின்புறம் பேனாவால் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வோர் இலக்கமாக அழுத்துவதை எங்கள் கணினி மையத்தில் அடிக்கடி காண்கிறேன். ஓர் இலக்கம் பிசகினால் யாரோ ஒருவருக்கு அழைப்பு போய்விடுகிறது.

இதற்குத் தனிச் செயலியோ பெருஞ்செலவோ தேவையில்லை. இணைப்பின் நிரலில் ஆங்கில எழுத்தில் ‘டெல்’ (tel) என்று எழுதி, முக்காற்புள்ளி (:) இட்டு, முழு எண்ணையும் சேர்த்தால், கைபேசி அந்த எண்ணை டயல் செய்ய எடுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்ட இம்முறை, 2004 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 3966 என்னும் இணையத் தொழில்நுட்ப விதிமுறை ஆவணத்தில் திருத்தம் பெற்றது. எண்ணைக் கூட்டல் குறியுடனும் நாட்டுக் குறியீட்டுடனும் எழுதுவதே அதன்படி முறை. திருவாரூருக்கு 04366, கும்பகோணத்துக்கு 0435 என்று நாம் பழகியிருந்தாலும், +91 சேர்க்கும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிட வேண்டும். அதையும் சேர்த்தே எழுதிவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. இரண்டு எண்களைச் சாய்கோட்டால் இணைத்து ஒரே இணைப்பாக்குவதும் கூடாது. 108, 112 போன்ற குறுகிய எண்களுக்கு மட்டும் +91 வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களைவிட வெளியூரில் இருப்பவர்களுக்கே இது பெரிதும் உதவும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரின் நிலை அறியத் தவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். எஸ்.டி.டி. குறியீடுகூட இல்லாத ஆறு இலக்க எண்ணை வைத்துக்கொண்டு அங்கிருந்து அவர்கள் எப்படி அழைப்பார்கள்?

உலாவிக்குள்ளேயே பேச வைக்கும் பொத்தான்களைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். அவற்றுக்கு மைக் அனுமதியும் தடையற்ற டேட்டாவும் வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் அதை நம்ப முடியாது. சாதாரண அழைப்புக்குச் சிக்னல் இருந்தாலே போதும். ஆகவே அத்தகைய பொத்தான் வைத்தாலும், தொட்டு அழைக்கும் எண்ணை எடுத்துவிடக் கூடாது. மேசைக் கணினியில் பார்ப்பவர்களுக்காக எண் எழுத்திலும் தெரிய வேண்டும்.

திருத்தம் முடிந்ததும், பொறுப்பான ஊழியர் ஒருவர் தம் கைபேசியில் ஒவ்வோர் எண்ணையும் தொட்டு அழைத்து, மறுமுனையில் உரிய அலுவலகம்தான் எடுக்கிறதா என்று உறுதிசெய்த பின்னரே பக்கத்தை வெளியிடுமாறு மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மைய உரிமையாளர்,
திருத்துறைப்பூண்டி