போன வாரம் கோல் அடித்தவர் யார் என்பது எங்களுக்கே தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் புதன்கிழமைதோறும் வரும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஆலோசனைப் பகுதியை அது தொடங்கிய நாளிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப வாரம்தோறும் புள்ளி எடுக்கும் இணைய விளையாட்டுதான் இந்த ஃபேன்டஸி. இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் ஒரு நாளிதழ் இடம் ஒதுக்கியிருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை நம்பி அணியை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதனால்தான் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் மனக்குறை ஒன்றுதான். உங்கள் பகுதி போன வாரம் யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்று பார்த்து, அவரையே இந்த வாரம் எடுக்கச் சொல்கிறது. எங்களுக்கு வேண்டியது வேறு. இந்த வாரம் யார் ஆடுவார், எத்தனை நிமிடம் ஆடுவார், யாரை எதிர்த்து ஆடுவார் என்பது வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அப்போது புரியும். இந்த சீசனில் ஒரு வாரம் நீங்கள் ஒரு நடுக்கள வீரரை முதல் இடத்தில் போட்டு, புள்ளி இரட்டிப்பாகும் கேப்டனாகவும் அவரையே வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். பெயர் வேண்டாம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முந்தைய வாரம் 2 கோல் அடித்திருந்தார். என்னிடம் இருந்த ஒரே ஒரு ஃப்ரீ டிரான்ஸ்ஃபரை, அதாவது புள்ளி இழக்காமல் ஓர் ஆளை மாற்றும் வாய்ப்பை, காயமடைந்த கோல்கீப்பரை மாற்றச் செலவழித்துவிட்டேன், அதனால் இவருக்காக 4 புள்ளியை இழந்து மைனஸ் 4 வாங்கினேன். வியாழக்கிழமை இரவு அவருடைய கிளப்புக்கு ஐரோப்பியப் போட்டி, அதில் முழு 90 நிமிடமும் ஆடினார். வெள்ளிக்கிழமை மேலாளர் பத்திரிகையாளர்களிடம், அவருக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்படலாம் என்று சொன்னாராம். நான் அதைப் பார்க்கவில்லை. புதன்கிழமையே முடிவெடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஞாயிறு மாலை ஆட்டத்தில் அவர் பெஞ்சில். அப்போதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் அவர் ஒரு நிமிடம்கூட இறங்காமல் இருந்தால் வைஸ் கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும், என் வைஸ் கேப்டன் சனிக்கிழமையே ஒரு கோல், ஒரு அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), சிறப்பாக ஆடியதற்கு 2 போனஸ் என்று 12 எடுத்துவிட்டார். அதோடு என் பெஞ்சில், அதாவது ஆடாதவருக்குப் பதிலாக உள்ளே வரும் மாற்று ஆட்களில், முதல் ஆளாக இருந்த தடுப்பாட்டக்காரர் கிளீன் ஷீட்டோடு (அவர் அணி கோல் எதுவும் வாங்காமல்) ஒரு கோலும் அடித்து, 3 போனஸும் வாங்கி 15 புள்ளியோடு உட்கார்ந்திருந்தார். 60-ஆவது நிமிடம் கேமரா கோட்டோரம் திரும்பியது, நம் ஆள் பயிற்சிச் சட்டையோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். 70 ஆயிற்று, 75 ஆயிற்று, இறங்கவில்லை. நான் திரையைப் பார்த்து "இறங்காதேப்பா, இறங்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 81-ஆவது நிமிடம் நான்காம் நடுவர் பலகையைத் தூக்கினார், அவர் எண்தான். 9 நிமிடம், 1 புள்ளி, கேப்டன் என்பதால் 2. மைனஸ் 4 போட்டால் அவரால் எனக்குக் கிடைத்தது மைனஸ் 2. அவர் இறங்காமலே இருந்திருந்தால் பெஞ்சிலிருந்து 15-உம், வைஸ் கேப்டன் வழியாகக் கூடுதலாக 12-உம் வந்திருக்கும். அந்த 9 நிமிடத்துக்கு 25 புள்ளி கொடுத்தேன். எங்களுக்குள் போட்டி போடும் சின்ன லீகில் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்துக்குப் போனேன், இன்னும் ஏறி வரவில்லை.

இதில் உங்கள் எழுத்தாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புதன்கிழமை எழுதியவருக்கு வெள்ளிக்கிழமை சொல்லப்போவது எப்படித் தெரியும்? கோளாறு நாளில்தான் இருக்கிறது. பிரீமியர் லீக் மேலாளர்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளிக்கிழமைகளில்தான் பேசுகிறார்கள். யாருக்குத் தொடை நரம்பு பிடித்திருக்கிறது, யார் பயிற்சிக்கு வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். நாங்கள் அணியை மாற்றுவதற்கான டெட்லைன் அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு. சனிக்கிழமை 12:30 ஆட்டம் முதல் என்றால் இங்கிலாந்து நேரப்படி காலை 11 மணி. ஆட்டத்தின் முதல் 11 பேர் பட்டியல் அதற்கப்புறம்தான் வரும், அதாவது டெட்லைனுக்குள் நமக்குக் கிடைக்கும் கடைசி நல்ல தகவல் அந்த மேலாளர் பேச்சுதான். அதை விட்டுவிட்டு எழுதப்படும் ஆலோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதிதான்.

அதனால் தயவுசெய்து அந்தப் பகுதியைச் சனிக்கிழமை காலை இதழுக்கு மாற்றுங்கள். வெள்ளி இரவில் முதல் ஆட்டம் வரும் வாரங்களில் வெள்ளிக்கிழமை இதழில் போடுங்கள், டிசம்பரில் வார நடுவில் ஆட்டங்கள் நெருக்கியடித்து வரும்போது அதற்கேற்ப ஒரு நாள் முன்பு. பகுதியின் மேலே டெட்லைன் நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது. அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள், அந்த வாரங்களில் டெட்லைனைத் தவறவிட்டவர்களை எனக்கே தெரியும்.

அடுத்து, யாரைச் சொல்கிறீர்கள் என்பது. எர்லிங் ஹாலண்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த சீசனில் எத்தனை வாரம் எழுதிவிட்டீர்கள்! 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த முதல் சீசனிலேயே 36 கோல் அடித்தவரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லிவர்பூலின் முகமது சலா 2024-25-இல் 29 கோல், 18 அசிஸ்டோடு 344 புள்ளி எடுத்தாரே, அந்த ஆண்டும் அவரை எடுக்கலாமா வேண்டாமா என்பது யாருக்கும் கேள்வியாக இல்லை. கேள்வி எல்லாம் அவர்களைச் சுற்றி மிச்சமிருக்கும் பணத்தில் யாரைப் போடுவது என்பதுதான். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 பேர், ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது, இரண்டு பெரிய ஆட்களை வாங்கியதும் மீதிப் பணம் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் நிற்கும். உங்கள் ஆலோசனை தேவைப்படுகிற இடம் அதுதான்.

அங்கே பார்க்க வேண்டியவற்றில் ஒன்று பெனால்டி யார் அடிக்கிறார் என்பது. கோல் பால்மர் 2023 செப்டம்பரில் செல்சிக்கு வந்தபோது அவரைப் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த சீசனை லீகில் 22 கோலோடு முடித்தார், அதில் 9 பெனால்டி. 2024 ஏப்ரலில் எவர்ட்டனை 6-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பால்மர் ஏற்கெனவே 3 கோல் அடித்திருந்தார், பெனால்டி கிடைத்ததும் நோனி மதுவேகேவும் நிக்கோலஸ் ஜாக்சனும் பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள், கேப்டன் கானர் கேலகர் நடுவே புகுந்து பந்தை வாங்கிப் பால்மர் கையில் கொடுத்தார். அந்த ஒரு காட்சியிலேயே அந்த அணியில் பெனால்டி யாருக்குச் சொந்தம் என்பது தெரிந்துவிட்டது. இந்த மாதிரித் தகவலை வாரம் ஒரு வரி எழுதினால் போதும். பெனால்டியும் கார்னரும் இந்தக் கிளப்பில் இப்போது யாரிடம் இருக்கிறது, போன மாதம் இருந்தவரிடமிருந்து கை மாறியிருக்கிறதா என்று.

இன்னொன்று, 2025-26-இல் வந்த புது விதியை உங்கள் பகுதி இன்னும் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. தடுப்பாட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் பந்தை விலக்குவது, மறிப்பது, இடைமறிப்பது, டாக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 புள்ளி. நடுக்கள, முன்கள வீரர்களுக்கு 12, ஆனால் அவர்களுக்குத் யாரிடமும் இல்லாத பந்தைக் கைப்பற்றுவதும் சேரும். நீங்கள் இன்னமும் தடுப்பாட்டக்காரர் என்றால் கிளீன் ஷீட் வாய்ப்பு உள்ள பெரிய அணியைத்தான் சொல்கிறீர்கள். எப்போதும் எதிரணியின் நெருக்கடியில் இருக்கும் ஒரு நடுத்தர அணியின் சென்டர்பேக்கை (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை) எடுத்துப் பாருங்கள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார். அவர் அணி 0-1 என்று தோற்றாலும் 60 நிமிடம் தாண்டி ஆடியதற்கு 2, இந்த விதியில் 2 என்று 4 புள்ளியோடு வருவார். பெரிய அணியின் விங்பேக் (ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரர்) மேலே ஏறி ஏறி ஆடி, அணி இரண்டு கோல் வாங்கினால் ஒன்று குறைந்து 1 புள்ளிதான் மிஞ்சும். விலையும் இவருக்கு அதிகம். பெஞ்சைப் பற்றி நாங்கள் யோசிக்கும் விதமே இதனால் மாறிவிட்டது.

பெஞ்ச் என்று சொல்லும்போது வரிசையைப் பற்றியும் எழுதுங்கள். புதிதாக ஆட வருகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. அணியில் குறைந்தது 3 தடுப்பாட்டக்காரர்கள் இருந்தே ஆக வேண்டும், அதனால் 3 பேரை மட்டும் இறக்கி அதில் ஒருவர் ஆடாமல் போனால், பெஞ்சில் முதல் ஆளாக நடுக்கள வீரர் இருந்தாலும் அவரைத் தாண்டி அடுத்த தடுப்பாட்டக்காரர்தான் உள்ளே வருவார், அவரும் அந்த வாரம் ஆடாதவர் என்றால் அந்த இடம் பூஜ்யம்தான்.

மைனஸ் 4 பற்றி நீங்கள் எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். "தேவைப்பட்டால் 4 புள்ளி கொடுத்தும் எடுக்கலாம்" என்று சுலபமாக ஒரு வரி வந்துவிடுகிறது. வெளியே அனுப்புகிறவர் சும்மா ஆடினாலே 2 புள்ளி தருவார், அப்படியென்றால் உள்ளே வருகிறவர் 6 எடுத்தால்தான் கணக்கு சரி, லாபம் அதற்கு மேல்தான். முன்கள வீரர் ஒரு கோல் அடித்து முழு ஆட்டம் ஆடினாலே 4-உம் 2-உம் 6. ஆக அவர் கோல் அடித்தும் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெளியே போகிறவர் காயம் பட்டு ஆடவே மாட்டார், பெஞ்சிலும் ஆள் இல்லை என்றால் அது வேறு, அப்போது நானே கொடுப்பேன். அப்புறம் 2024-25-இலிருந்து ஃப்ரீ டிரான்ஸ்ஃபரை 5 வரை சேர்த்து வைக்கலாமே, முன்பு 2-தான். இந்த வாரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்று சொல்வதும் ஆலோசனைதான், அதை உங்கள் பகுதியில் ஒரு வாரம்கூட நான் படித்ததில்லை.

மேலாளர்கள் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் சுழற்சி பற்றி நீட்ட வேண்டாம். மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலா யாரை எப்போது உட்கார வைப்பார் என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் ஆங்கிலத்தில் ஆடுகிறவர்கள் அதைச் சூதாட்டச் சக்கரத்தோடு ஒப்பிட்டு 'பெப் ரூலெட்' என்றே கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை ஐரோப்பாவில் ஆடுகிற அணி எது, சர்வதேச இடைவேளை முடிந்து தென் அமெரிக்காவிலிருந்து வியாழன் இரவு திரும்பி சனி மதியமே ஆட வேண்டியவர் யார் என்று ஒரு சின்னப் பெட்டியில் போட்டால் போதும், மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு விஷயம், இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. தன் லீகில் 40 புள்ளி முன்னால் இருப்பவர், பின்னால் வருகிறவர்கள் யாரைக் கேப்டன் போடுவார்களோ அவரையே போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம், வித்தியாசம் குறையாது. 40 புள்ளி பின்னால் இருப்பவர் அதையே செய்தால் கடைசி வாரம் வரை 40 பின்னால்தான் நிற்பார். அவருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஆள் வேண்டும், தப்பிப் போனாலும் பரவாயில்லை என்கிற துணிச்சல் வேண்டும். முன்னால் இருப்பவருக்கு ஒரு பெயர், துரத்துகிறவருக்கு ஒரு பெயர் என்று இரண்டாகக் கொடுங்கள். 38 வாரத்தில் பாதி தாண்டியதும் இது இன்னும் முக்கியமாகும்.

கடைசியாக, போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்று இந்த வாரம் எழுதுங்கள். நாலு பேரைச் சொன்னோம், இரண்டு பேர் சரி, ஒருவர் ஆடவே இல்லை, காரணம் இது என்று. தவறு வருவதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, கால்பந்தில் 90 நிமிடமும் பந்தை வைத்திருந்த அணி ஒரே ஒரு கார்னரில் தோற்றுப் போகிறது. ஆனால் நான் 25 புள்ளி இழந்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை, அந்த வீரரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் வேறு நாலு பெயர் வந்திருந்தது. அவரை வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று நான் பேப்பரைப் பிரித்தேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்